தை மாதத்து வெள்ளம்

என் ஊர் வெள்ளத்தில் மூழ்கிவிட்டது என்ற செய்தியை, கோட்டாற்றில் ஒரு முடிவெட்டும் கடையில் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு இருந்தபோது கேட்டேன்.

கத்தி வலது கன்னத்தை முடித்துவிட்டு இடது கன்னத்துக்கு வரும் நேரம். சுவரோரப் பெஞ்சில் இருந்துகொண்டு நாகப்பன் பேப்பரை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் கொடி கட்டுவது, மைக் வைப்பது, ஊர்வலம் போவது எல்லாம் அவர் பொறுப்பு. சும்மா இருக்கும்போதும் ஆயிரம் பேருக்குக் கேட்கிற மாதிரிதான் வாசிப்பார்.

"நாஞ்சில் நாட்டில் பயங்கர வெள்ளம்! கடைமடைக் கிராமங்கள் மிதக்கின்றன! மக்கள் வயல்வெளிகளில் தஞ்சம்!"

அதற்குக் கீழே என் ஊர்ப் பெயரையும் வாசித்தார்.

வெளியே தை மாத வெயில். எதிர்க்கடை வாசலில் வற்றல் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அதன் நெடியில் எனக்குத் தும்மல் வந்தது. கத்தி பக்கத்தில் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

நான் நாலு பேர் நடுவில் வாய் திறக்கிற ஆள் அல்ல. ஆனாலும் ஊர் என்னுடையது அல்லவா? "எங்க ஊருல அப்பிடி ஒண்ணும் இல்லியே" என்றேன்.

நாகப்பன் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். "நீரு எப்பம் பொறப்பட்டேரு?"

"வெடியக்காலம்."

"அப்பம் நீரு பொறப்பட்ட பொறவு வந்திருக்கும்."

"அது நேத்து அச்சடிச்ச பேப்பராச்சே?"

முடிவெட்டுகிற ஆறுமுகம் என் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னார். "அதாம்வேய் பேப்பருங்கது. நமக்கு முன்னால அவனுக்குத் தெரியும்."

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவ்வளவு பேர் பரிதாபப்படும்போது எனக்கே பயம் பிடித்துவிட்டது. மனைவி வயலில் இருக்கிறாள். மாடுகள் கட்டிக் கிடக்கின்றன. துண்டால் நுரையைத் துடைத்துக்கொண்டு, பாதி முகத்தோடு ஓட ஆரம்பித்தேன்.

கன்னிப்பூவுக்கு ஒன்று, கும்பப்பூவுக்கு ஒன்று

ஓடுகிறவனை வழியில் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் அரசியல் பேசுகிறேன். மேடையேறத் துணிவில்லாதவனுக்கு வாரப் பத்திரிகையில் இரண்டு பக்கம் கிடைத்தால் இப்படித்தான் ஆகும்.

நான் படித்தது நாலாம் வகுப்பு, அதுவும் மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழை வீட்டில் எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டேன். ஆகவே இரண்டு மொழிப் பேப்பரையும் மெதுவாக வாசிப்பேன். மெதுவாக வாசிப்பதில் ஒரு லாபம் உண்டு. வேகமாக வாசிப்பவனுக்குக் கோபம் வரும். மெதுவாக வாசிப்பவனுக்குச் சந்தேகம் வரும்.

நான் பழைய பாணி ஆள். ஒன்றை உடைப்பதற்கு முன்னால் அது இவ்வளவு நாள் எதற்காக இருந்தது என்று ஒரு தடவை கேட்டுவிட்டு உடைக்கலாம் என்பது என் கட்சி. அந்தக் கட்சியில் நானும் என் இரண்டு மாடுகளும் உறுப்பினர்கள்.

மகாராஜா காலத்தில் வரி கூடினால் யாரைத் திட்ட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு திட்டுவோம். சுதந்திரம் வந்த பிறகு கதவைத் திறந்துவைத்தே திட்டலாம் என்றார்கள். நல்லதுதான். ஆனால் யாரைத் திட்டுவது என்று கண்டுபிடிப்பதற்குள் அந்த ஆளுக்குப் பதவி போய்விடுகிறது. எங்களுக்கு வருடத்தில் இரண்டு போகம்: கன்னிப்பூ, கும்பப்பூ. மந்திரிசபையும் ஏறக்குறைய அப்படித்தான், கன்னிப்பூவுக்கு ஒன்று, கும்பப்பூவுக்கு ஒன்று. நெல்லாவது அறுத்தால் வீட்டுக்கு வரும்.

கால்வாய்த் தண்ணீரைப் பங்கிட முன்பு ஒரு முறை இருந்தது. கடைமடையின் நேரம் வந்துவிட்டால் மேல்மடைக்காரன், சொந்த மைத்துனனாக இருந்தாலும், மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்க மாட்டான். மடையைத் திறந்து அடைக்க ஒருவர் உண்டு. அவரை மடையன் என்போம். அது உத்தியோகப் பெயர். புதிய காலம் வந்ததும் அதெல்லாம் பிற்போக்கு என்று ஒழித்துவிட்டு ஒரு கமிட்டி போட்டார்கள். உத்தியோகம் போயிற்று. பெயர் மட்டும் கமிட்டிக்கு மிஞ்சியது.

அந்த நாட்களில் திருவனந்தபுரத்து ஆட்சியில் இருந்த எங்கள் தாலூக்காக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற பேச்சு ஊரெல்லாம் சூடாக இருந்தது. எனக்கும் அதில் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் பேப்பர்கள் செய்த கூத்து இருக்கிறதே! ஒரு கூட்டம் நடந்தால் மதுரைப் பக்கத்துப் பேப்பரில் மனிதக் கடல் என்று வரும். திருவனந்தபுரத்துப் பேப்பரில் வழிப்போக்கர் சிலர் நின்று பார்த்தார்கள் என்று வரும். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம், சுண்டல் மிஞ்சிப்போயிற்று என்பதுதான்.

பேப்பர்த் தமிழ் வேறு, எங்கள் தமிழ் வேறு. தலைவர் ஒருவர் மந்திரியைச் சாடினார் என்று ஒரு நாள் நாகப்பன் வாசித்தார். எங்கள் ஊரில் சாடுவது என்றால் குதிப்பது. "மந்திரி மேலயா சாடுனாரு? அந்த வயசுலயா?" என்று ஆறுமுகம் வியந்து போனார்.

இன்னொரு சொல்லும் உண்டு. இந்தக் கட்டுரையில் நான் தண்ணீர் என்று எழுதிக்கொண்டு போகிறேன். எங்கள் வாயில் அது வெள்ளம். குடிப்பது வெள்ளம், குளிப்பது வெள்ளம், மாட்டுக்கு வைப்பது வெள்ளம். அது கரையை மீறி வீட்டுக்குள் வந்தால்தான் வெள்ளப்பொக்கம். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு நாங்களும் சொல்லவில்லை. வினை வந்தது அங்கேதான்.

பேனாவும் வரப்பும்

எங்கள் ஊர் வட்டக்கோட்டைக்குப் போகும் வழியில் இருக்கிறது. கால்வாயின் கடைசி வால் நாங்கள். மேலே எல்லோரும் குடித்து மிச்சம் இருந்தால்தான் எங்களுக்கு. அந்த வருடம் கும்பப்பூ கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற நேரத்தில் கால்வாய் வறண்டுவிட்டது. மனுக் கொடுத்தோம், கும்பிட்டோம், கடைசியில் ஒரு ராத்திரி தண்ணீர் வந்தது.

அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. வெடித்த மண்ணுக்குள் தண்ணீர் இறங்கும்போது நிலம் முழுவதும் சின்னச் சின்னதாக முனகும். நண்டுகள் வெளியே ஓடி வரும். ஊரே வரப்பில் நின்றது.

அதற்கு இரண்டாம் நாள், கண்ணாடி போட்ட ஓர் இளைஞர் கோட்டாற்றில் வாடகைக்கு எடுத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெரிய பட்டணத்துப் பேப்பரின் நிருபராம். நாஞ்சில் நாட்டுத் தமிழர்களின் துயரத்தை எழுத வந்திருக்கிறாராம்.

"இங்கே நிலைமை எப்படி?" என்று என்னைக் கேட்டார். நான் வழக்கம்போல என் கால் கட்டைவிரலைப் பார்த்தேன்.

என் மனைவி பகவதி வயலுக்குள் நின்றுகொண்டு பதில் சொன்னாள். "வெள்ளம் வந்தாச்சு!"

அவர் பேனாவைத் திறந்தார். "வெள்ளமா? எப்போது?"

"முந்தாநேத்து ராத்திரி. நல்ல வெள்ளமாக்கும். வயலு ஒக்க நெறஞ்சு கெடக்கு, பாக்கலியா?"

பார்த்தார். பார்த்த இடமெல்லாம் தண்ணீர்தான். நெல்வயலில் தண்ணீர் நிற்பது அவர் பட்டணத்தில் விபத்தாக இருக்கும்.

"ஊர் மக்களெல்லாம் எங்கே?"

"வீட்டுல ஒருத்தராவது இருப்பாவளா? எல்லாரும் வயலுலயாக்கும் கெடக்காவ. ராத்திரி ஒறக்கமே இல்ல."

"குழந்தைகள்?"

"வெள்ளத்தக் கண்டா அதுவ நிக்குமா? கொளத்துல சாடிட்டுதுவ."

அவர் முகம் வெளுத்தது. "அரசாங்கத்திலிருந்து யாராவது எட்டிப் பார்த்தார்களா?"

"அவனுவ எதுக்கு வாரான்? நாங்களே மண்ண வெட்டி வெலக்கி விட்டோம்."

"அம்மா, இதை எப்படித் தாங்குகிறீர்கள்?"

"தாங்கதுக்கு என்ன பிள்ளே? காத்துக் காத்துக் கெடந்து வந்த வெள்ளமில்லியா? கொலவை போட்டாக்கும் வரவேத்தோம்!"

அவர் கண் கலங்கிப் போய்விட்டது. பகவதியைக் கும்பிட்டுவிட்டு சைக்கிளில் ஏறினார். பேப்பரில் கடைசி வரி இப்படி இருந்தது: "அதிர்ச்சியில் சித்தம் கலங்கிய பெண்கள் வெள்ளத்தைக் குலவையிட்டு வரவேற்றதாகப் பேசுகின்றனர்."

அவர் பொய் எழுதவில்லை. கேட்டதைத்தான் எழுதினார். அது ஒன்றுதான் எனக்கு இன்றைக்கும் பேப்பர் வாசிக்கும்போது பயத்தைத் தருகிறது.

வந்தது வள்ளம்

ஓடி வந்தவன் ஊர் எல்லையில் நின்றேன். வீடு நின்றது. மாடுகள் அசை போட்டன. பகவதி மட்டும் வரப்பில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மொகத்துல பாதிய எங்க விட்டிய?" என்றாள்.

"ஊரு மூங்கிட்டுன்னு பேப்பர்ல போட்டிருக்கு ஏட்டி."

"மூங்குச்சா? வெள்ளம் நின்னு போச்சு, அதப் பாருங்க மொதல்ல."

கால்வாயில் சேறு தெரிந்தது. மேலே மதகை அடைத்துவிட்டார்கள். விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. பேப்பரைப் பார்த்த தலைநகரத்து ஆபீசில் யாரோ பதறிப்போய்த் தந்தி அடித்திருக்கிறார்கள். கடைமடையில் வெள்ளம், வடியும்வரை மதகை அடைத்து வைக்கவும். பேப்பர் கோட்டாற்றுக்கு வந்து சேருவதற்குள் தந்தி வந்துவிட்டது. எங்கள் மனுக்களுக்கு அந்த வேகம் என்றைக்கும் வாய்த்ததில்லை.

பால் பிடிக்கும் கதிருக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் உள்ளே அரிசி இராது. உமி மட்டும் நெல் மாதிரி நிற்கும். வருடச் சோறு அந்த வயலில்தான் இருந்தது.

மறுநாள் மத்தியானம் ஒரு லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. மேலே ஒரு மீன்பிடி வள்ளம். அதற்குள் கொடி பிடித்துக்கொண்டு நாகப்பனும் நாலு பேரும். கடற்கரையிலிருந்து எங்களைக் காப்பாற்ற எடுத்து வந்திருக்கிறார்கள். லாரி நின்றதும் அவர்கள் எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் அவர்களைப் பார்த்தோம்.

"வெள்ளம் கேட்டோம், வள்ளம் வருகு" என்றாள் பகவதி.

நாகப்பன் இறங்கி, காய்ந்த கால்வாயை ஒரு பார்வை பார்த்தார். நல்ல மனிதர்தான். அவர் முகத்தில் ஒரு நொடி வெட்கம் வந்தது. பிறகு கையிலிருந்த கொடியைப் பார்த்தார், வெட்கம் போய்விட்டது.

"பாரும்" என்று என்னைத் தனியே கூப்பிட்டார். "இந்தச் சங்கதி நம்ம நாலு பேருக்குள்ள இருக்கட்டும்."

"மதகு அடைச்சுக் கெடக்கே. ஆபீசுல போயி வெள்ளப்பொக்கம் இல்லன்னு சொல்லண்டாமா?"

"சொல்லப்பிடாது! வெள்ளத்துல தமிழன் சாவுகான், அரசாங்கம் பாத்துக்கிட்டு நிக்குன்னு நேத்து மூணு கூட்டத்துல பேசியாச்சு. இன்னைக்கு நீரு போயி இல்லன்னா, நம்ம எல்லாருக்கும் மொகம் எங்க இருக்கும்? இனத்தக் காட்டிக் குடுத்தவருன்னு ஒமக்குப் பேரு வந்திரும்."

தலையாட்டிவிட்டு வந்தேன். அன்றைக்கு வந்த மலையாளப் பேப்பரை வாசித்தால் அது இன்னொரு பக்கம் அடித்தது. தெற்கே வெள்ளப்பொக்கம் என்பது கட்டுக்கதை, அங்குள்ளவர்கள் தண்ணீரைப் பற்றிச் சொல்வது எல்லாமே பொய் என்று எழுதியிருந்தது. ஒரு பேப்பர் எங்களை முக்கிக் கொன்றது. இன்னொன்று எங்களுக்குத் தாகமே இல்லை என்றது. நடுவில் நெல் காய்ந்தது.

நாலைந்து நாள் அப்படியே போயிற்று. பிள்ளைகள் வள்ளத்துக்குள் ஏறி விளையாடினார்கள். ஒரு நாள் வயலில் மண் வாய் பிளந்திருப்பதைப் பார்த்தேன். இலை நுனி சுருண்டு துணி தைக்கிற ஊசி மாதிரி நின்றது.

"ஆபீசுக்குப் போவணும்" என்றாள் பகவதி.

"காட்டிக் குடுத்தவன்னு சொல்லுவாவ."

"சொல்லட்டும். இனம் வந்து நமக்குக் களை பறிக்குமா? வாருங்க."

பொக்கம்

நாகர்கோவிலில் கால்வாய் ஆபீஸ் வாசலில் சேவகன் எங்களைத் தடுத்தான். பெண்களுக்கு உள்ளே வேலை இல்லை, ஒருவர் மட்டும் போகலாம் என்றான். பேசத் தெரிந்தவள் வேப்பமரத்தடியில் நின்றாள். பேசத் தெரியாதவன் உள்ளே போனேன்.

எஞ்சினியர் வடக்கேயிருந்து வந்த மலையாளி. சந்தனப் பொட்டு, கறுத்த முகம். நாகப்பனின் பேச்சுகளில் எங்கள் குரல்வளையை நெரிக்கிற கை இவருடையதுதான். அந்தக் கையில் அப்போது ஒரு வெற்றிலை இருந்தது.

"எந்தா காரியம்?"

நடக்கும்போது மனதுக்குள் பாடமாக்கிய எல்லாம் மறந்துபோயிற்று. அவர் சுண்ணாம்பு தடவி முடித்துவிட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

அவர் நிமிர்ந்தார். "வெள்ளப்பொக்கம் உள்ள ஸ்தலமல்லே? இப்போள் எங்ஙனெ உண்டு?"

"பொக்கம் இல்ல சார்" என்றேன். "வெள்ளமும் இல்ல."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். என் கால்களைப் பார்த்தார். முழங்கால்வரை செம்புழுதி. மேஜை மேல் கிடந்த தமிழ்ப் பேப்பரைப் பார்த்தார். அந்தத் தலைப்பை எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர், வெற்றிலைச் சாறு சட்டையில் வடிய வடியச் சிரித்தார்.

"வெள்ளம் வந்நு! அதே, வெள்ளம் வந்நு! ஞான் விட்ட வெள்ளம்!"

எங்கள் சொல், எங்கள் தமிழ்ச் சகோதரருக்குப் புரியவில்லை. மலையாளத்திலும் தண்ணீர் வெள்ளம்தான், இவருக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது. இதை வைத்து ஒருவரும் மேடையில் பேச முடியாது என்பதால் நானே எழுதி வைக்கிறேன்.

ஆனால் சிரித்து முடித்ததும் அவர் கை விரித்தார். மேலிடத்து உத்தரவில் அடைத்தது. வெள்ளப்பொக்கமே இல்லை என்று எழுதினால், தந்தி அடித்தவர் பொய்யராகிவிடுவார். அவர் இவரை வடக்கே மலைக்காட்டுக்கு மாற்றிவிடுவார். திறக்க வழியில்லை.

எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. கதிருக்கு இன்னும் மூன்று நாளோ நாலு நாளோதான். எப்படித்தான் வாய் வந்ததோ!

"சார், தந்தியில வடியது வரைக்கும்னுதான இருக்கு?"

"அதே" என்று தலையாட்டினார்.

"வடிஞ்சாச்சு சார்."

வராத வெள்ளத்தை இல்லை என்று சொல்ல ஓர் அதிகாரியால் முடியாது. வடிந்துவிட்டது என்று சொல்ல முடியும். எஞ்சினியர் ஒரு காகிதத்தை இழுத்து ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி, சேவகனைக் கூப்பிட்டார்.

வேப்பமரத்தடியில் பகவதி கேட்டாள். "சொன்னியளா?"

"சொன்னேன்."

"நீங்களா!" என்றாள். அன்றைக்கு முழுவதும் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

நட்டம்

மறுநாள் விடியும்போது கால்வாயில் தண்ணீர் வந்தது. அதே நாள் நாகப்பன், ஆறுமுகத்தின் கடையில் வாசித்தாராம். "வெள்ளம் வடிந்தது! நமது செய்தியின் எதிரொலி! அரசு பணிந்தது!" அவர் என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வடிந்தது என்பது அவருக்கும் வசதியாகப் போயிற்று. ராத்திரியோடு ராத்திரியாக வள்ளத்தை எடுத்துப் போய்விட்டார்கள்.

பாதி வயல் பிழைத்தது. மறுபாதியில் கதிர் நிமிர்ந்து நின்றது. கதிர் தலை குனியாமல் நின்றால் உள்ளே சரக்கு இல்லை என்று அர்த்தம். மனிதரிலும் அப்படி உண்டு, பேர் சொல்லவில்லை. பகவதி சுளவில் போட்டுப் புடைத்தபோது முற்றம் முழுக்கப் பதர் பறந்தது. மிஞ்சியதைச் சாப்பிட வைத்தால் அடுத்த கன்னிப்பூவுக்கு விதைநெல் இல்லை. விதைக்கு வைத்தால் ஆடிவரை கஞ்சி இல்லை.

அப்போதுதான் பார்வத்தியக்காரர் வந்தார். எங்கள் கிராம அதிகாரி. பிறந்தது பக்கத்து ஊர், என் மனைவிக்கு அண்ணன் முறை. வெயிலில் நடந்து வந்தவர் முற்றத்தில் பறந்த பதரைக் காலால் ஒதுக்கிக்கொண்டு நின்றார்.

"சர்க்கார் விதநெல்லு குடுக்கு" என்றார். "ஆனா வெள்ளப்பொக்கத்துல போனவங்களுக்கு மட்டும்தான். காஞ்சு போனதுக்கு உத்தரவு இல்ல."

பகவதி வாய் திறந்தாள். நிருபர் வந்ததிலிருந்து மதகு அடைத்தது வரை எல்லாவற்றையும் நியாயமாகச் சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நியாயத்துக்கு ஒரு மணி நெல்கூடக் கிடைக்காது என்பதும் தெரிந்தது.

சர்க்கார் இனாம் என்றாலே எனக்கு ஆகாது. அதைப் பற்றி முன்பு இதே பத்திரிகைப் பக்கங்களில் எழுதியிருக்கிறேன். ஆனால் பொய் சொல்லாமல் வாங்க ஒரு வழி இருக்கும்போது, கொள்கையை வைத்துக் கஞ்சி காய்ச்ச முடியுமா?

"ஓய், சொல்லும்" என்றார் பார்வத்தியக்காரர். "எதனால நட்டம்?"

"வெள்ளத்தால" என்றேன். "முழுக்க முழுக்க வெள்ளத்தால."

அவர் இந்த ஊர்க்காரர் அல்லவா? சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.